டைனோசருக்கு எதற்கு வயலின்?

டைரனோசரஸ் ரெக்ஸ் கர்ஜித்ததைக் கேட்ட உயிர் எதுவும் இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கர்ஜனை உங்களுக்குத் தெரியும். இந்த வரியைப் படிக்கும்போதே காதுக்குள் ஒருமுறை ஓடியிருக்கும். அதைச் செய்தவர் கேரி ரிட்ஸ்ட்ராம் என்கிற ஒலி வடிவமைப்பாளர். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்துக்காக ஒரு குட்டி யானையின் பிளிறலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, புலியையும் முதலையையும் அதோடு கலந்தார். அதே படத்தில் ராப்டர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் ஒலிக்குள் ஆமைகள் இணைசேரும்போது எழுப்பும் சத்தம் இருக்கிறது. (ஒரு தலைமுறையையே சீட்டோடு ஒட்டவைத்த சத்தம் இரண்டு ஆமைகளின் அந்தரங்கம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.)

ரிட்ஸ்ட்ராம் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அபாரமான வேலை. ஆஸ்கர் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். என் வழக்கு அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. ஒரு படத்துக்காகச் செய்த கற்பனை முப்பது வருடத்தில் பொது அறிவாகிவிட்டது. பொருட்காட்சியில் ரப்பர் டைனோசர் வாயைத் திறந்தால் அதே மாதிரி ஒரு சத்தம். குழந்தையின் பொம்மையை அழுத்தினால் அதே மாதிரி ஒரு சத்தம். 'அறிவியல்பூர்வமானது' என்று மார்தட்டும் ஆவணப்படங்களும் அந்த உறுமலைச் சுற்றித்தான் வருகின்றன, பின்னணியில் எண்பது பேர் ஆர்கெஸ்ட்ராவோடு. டைனோசர் என்றால் உறுமல், உறுமல் முடிந்தால் வயலின். காது இப்படியே பழகிவிட்டது.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். மாற்றாக நான் முன்வைக்கப்போவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். படுக்கையறையில், மலிவான சிந்தசைசரில், ஒரு ஆள் உட்கார்ந்து செய்கிற, பாட்டே இல்லாத டைனோசர் ஆல்பங்கள். இதற்கு டைனோ சின்த் என்று பெயர்கூட இருக்கிறது. டிப்ளோடோகஸ் என்ற பெயரில் வெளிவந்த 'ஸ்லோ அண்ட் ஹெவி' இந்த வகையில் அடிக்கடி சொல்லப்படும் ஆல்பம். பெயரிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது: மெதுவாக, கனமாக. சொற்கள் இல்லை. கீபோர்டு இருக்கிறது, அவசரமே படாத ஒரு நடை இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஒன்றை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "கரண்ட் போன கல்யாண மண்டபத்துல கீபோர்டுக்காரர் மட்டும் பேட்டரில வாசிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். நல்ல உவமை. மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த மண்டபத்தில் ஆட்களே இல்லை என்பதுதான் என் பாயிண்ட்.

*

முதலில் ஆர்கெஸ்ட்ராவைப் பார்த்துவிடுவோம்.

புதைபடிவத்துக்கு இசை எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் கமீல் சான்-சான்ஸ். 1886-இல் 'விலங்குகளின் திருவிழா' எழுதினார், அதில் 'புதைபடிவங்கள்' என்று ஒரு சின்னத் துண்டு. சைலஃபோனை வைத்து எலும்பு தட்டும் சத்தம். உள்ளே தன்னுடைய பழைய மெட்டையே எடுத்துப் போட்டு, இதுவும் ஃபாசில் ஆகிவிட்டது என்று கிண்டல் செய்துகொள்கிறார். உயிரோடு இருந்த விலங்கைக் காட்டுகிறேன் என்ற பாவனையே அதில் கிடையாது. மியூசியத்தில் கிடக்கிற எலும்பு, அதைப் பார்க்கிற மனுஷனின் நக்கல், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேர்மையான வேலை.

கெட்டுப்போனது 1940-இல். டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' வந்தது. அதில் டைனோசர்களுக்குப் பின்னால் ஒலிப்பது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. 1913-இல் பாரிஸில் முதலில் அரங்கேறியபோது அது புராதன ரஷ்யக் கிராமத்தில் ஒரு பெண் செத்து விழும்வரை ஆடித் தீர்க்கும் பலிச் சடங்கின் இசை. முழுக்க மனிதச் சடங்கு. மனித உடம்பு, மனித பயம். டிஸ்னி பெண்ணைத் தூக்கிவிட்டு அங்கே டைரனோசரஸையும் ஸ்டெகோசரஸையும் சண்டைக்கு விட்டார். இசையை வெட்டினார்கள், வரிசையை மாற்றினார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி பிற்காலத்தில் அதைக் கடுமையாகச் சாடினார். அந்த இரண்டு விலங்குகளுக்கும் இடையே 8 கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதை விடுங்கள். டைரனோசரஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி அதைவிடக் குறைவு, சுமார் 6.6 கோடி ஆண்டுகள். அதாவது அந்தச் சண்டைக் காட்சியில் ஸ்டெகோசரஸுக்குப் பதில் என்னை நிறுத்தியிருந்தால் காலப்பிழை கொஞ்சம் குறைந்திருக்கும்.

அன்றிலிருந்து டைனோசர் இசை என்பது மனிதப் பலிச் சடங்கின் வாரிசுதான். பிராக்கியோசரஸ் இரண்டு காலில் எழுந்து இலையைக் கடிக்கும்போது ஜான் வில்லியம்ஸின் இசை எழும்புகிறதே, அது யாருடைய இசை? நன்றாகக் கேளுங்கள். அது தேவாலயத்தில் பாடுகிற துதிப்பாட்டின் மெட்டு. விலங்கைப் பற்றிய இசையே அல்ல, விலங்கைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற டாக்டர் கிராண்டின் முகத்தைப் பற்றிய இசை. கேமராவும் முதலில் அந்த முகத்தைத்தான் காட்டுகிறது. எனக்கும் அந்த இடத்தில் புல்லரிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புல்லரிப்பில் பிராக்கியோசரஸுக்குப் பங்கு ஒன்றும் இல்லை. ஸ்பீல்பெர்க்குக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டைரனோசரஸ் வேலியை உடைத்து வெளியே வருகிற அந்த மழை இரவுக் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. மழை, இரும்புக் கம்பி அறுபடும் சத்தம், தம்ளரில் நடுங்கும் தண்ணீர். படத்தின் மிகச் சிறந்த காட்சி எது என்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

2022-இல் வந்த 'பிரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடர் இன்னும் ஒரு படி போனது. ஹான்ஸ் ஸிம்மரோடு சேர்ந்து இசையமைத்த அன்ஷே ரோஸ்மானும் காரா டால்வும் டைனோசர்களை மனதில் வைத்துப் புதிய வாத்தியங்களையே செய்தார்கள். உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாத்தியங்களில் வாசிப்பது என்ன? குட்டி பிறந்தால் மெல்லிசை, வேட்டை வந்தால் தாளம், தாய் செத்தால் சோகம். எலும்பு மாதிரி இருக்கும் வாத்தியத்தில் குடும்பப் படத்தின் ரீ-ரெக்கார்டிங். டைனோசரை வைத்து எடுத்த 'அம்மா சென்டிமென்ட்' இது.

வயலின் ஒரு அப்பாவி வாத்தியம் என்று நினைக்காதீர்கள். நானூறு வருடமாக அது மனிதக் குரலைப் போல அழப் பழகியிருக்கிறது. வில் இழுக்கும் கை தெரியும், மூச்சு தெரியும். நம் சினிமா அதற்கு மேல் ஐம்பது வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறது: யாராவது கண் மூடினால் வயலின். இத்தனை மனித மிச்சம் ஒட்டிய கருவியைக் கொண்டுபோய், மனிதனே இல்லாத, மனிதன் வருவதற்கான அறிகுறிகூட இல்லாத ஒரு உலகத்தில் வைத்தால் அது அங்கேயும் நம்மைத்தான் பாடும். வேறெதுவும் அதற்குத் தெரியாது.

*

சரி, உண்மையில் அங்கே என்னதான் கேட்டிருக்கும்? இதில்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சிந்தசைசருக்காக நான் வாதாடுவது வெறும் ரசனைப் பிடிவாதம் இல்லை என்று சொல்ல இந்த இடம்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

புறா குமுறும்போது கவனித்திருப்பீர்கள். அலகு மூடியே இருக்கும், கழுத்து மட்டும் உப்பி இறங்கும். வாயைத் திறக்காமல், காற்றைக் கழுத்துக்குள் தள்ளி, தோல் வழியாக ஒலியை வெளியே விடுகிற முறை அது. நெருப்புக்கோழியின் ஆழமான 'பூம்' ஒலியும் அப்படித்தான். முதலைகளும் இதற்கு இணையான ஒன்றைச் செய்கின்றன. டோபியாஸ் ரீட், ஜூலியா கிளார்க் முதலானோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மூடிய-வாய் ஒலி பெரிய உடம்புள்ள உயிர்களிடம்தான் அதிகம் தோன்றியிருக்கிறது என்றும், டைனோசர்களில் சிலவும் இப்படி ஒலியெழுப்பியிருக்கலாம் என்றும் சொல்கிறது. பறவையும் முதலையும்தான் டைனோசரின் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள். சிங்கமும் யானையும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வாயைப் பிளந்து கேமராவைப் பார்த்துக் கத்துவதை மறந்துவிடுங்கள். ஏழெட்டு டன் உடம்பு, மூடிய வாய், காதால் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் உணரும் ஒரு ரீங்காரம். அமெரிக்க முதலையின் ஆண், இணையை அழைக்கும்போது எழுப்பும் அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது, ஆனால் அதன் முதுகின் மேல் இருக்கும் தண்ணீர் துளித்துளியாகத் துள்ளும். வீடியோ கிடைக்கும், பாருங்கள். மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ். ஆர்கெஸ்ட்ராவில் ஆழத்துக்குப் பேர்போன டபுள் பேஸின் அடித்தந்தியே வழக்கமாக 41 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். ஒரு சாதாரண சிந்தசைசரின் ஆசிலேட்டர் அந்த எல்லையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதற்குத் தந்தியும் இல்லை, விரலும் இல்லை. மின்சாரம் அலைகிறது, அவ்வளவே.

பாராசரோலோஃபஸ் என்ற தாவர உண்ணியின் தலையில் பின்பக்கமாக நீண்ட ஒரு கொண்டை உண்டு. உள்ளே மூக்கிலிருந்து கிளம்பும் குழாய்கள் மேலே போய் வளைந்து கீழே இறங்கும். டேவிட் வெய்ஷாம்பெல் 1981-இலேயே இது ஒலியைப் பெருக்கும் குழாய் என்று வாதிட்டு, ஐரோப்பாவின் பழைய ஊதுகருவியான கிரம்ஹார்னோடு ஒப்பிட்டார். 1995-இல் நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு மண்டையோட்டை சிடி ஸ்கேன் செய்து, சாண்டியா தேசிய ஆய்வகத்தில் கணினியில் அந்தக் குழாய்க்குள் காற்றை ஓட்டிப் பார்த்தார்கள். வந்தது ஒரு தாழ்ந்த, நீண்ட, இழுபடும் ஒலி. கேட்டவர்கள் கப்பல் சங்கையோ டிராம்போனையோ நினைத்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்டபோது நினைத்தது: யாரோ ஒரு சின்த் பேடின் ஃபில்டரைப் பாதி மூடிவைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒரு பூச்சி. ஆர்க்கபாய்லஸ் மியூசிகஸ் என்று பெயர். பெயரிலேயே மியூசிக் இருக்கிறது. சீனாவில் கிடைத்த, சுமார் 16.5 கோடி ஆண்டு பழைய வெட்டுக்கிளி இனம். அதன் இறக்கையில் ஒலியெழுப்பும் பற்கள் கல்லில் அப்படியே பதிந்திருந்தன. 2012-இல் ஆய்வாளர்கள் அந்தப் பற்களின் இடைவெளியை அளந்து, உயிரோடு இருக்கும் உறவுக்கார இனங்களோடு ஒப்பிட்டு, அது பாடிய சுருதியைக் கணக்கிட்டார்கள்: 6.4 கிலோஹெர்ட்ஸ். அது ஒற்றை அதிர்வெண். கலப்படம் இல்லாத தூய ஸ்வரம். சிந்தசைசரைத் திறந்ததும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற சைன் அலைக்கு இயற்கை போகக்கூடிய மிக அருகில் போயிருக்கிறது அந்தப் பூச்சி. ஜுராசிக் காலத்திலிருந்து நமக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைத்த பாட்டு ஒரு எலக்ட்ரானிக் 'பீப்'புக்குச் சொந்தக்காரன் என்றால், ஐயா, செலோவைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள்?

இல்லாத சத்தங்களையும் சொல்ல வேண்டும். ஜுராசிக் காட்டில் குயில் இல்லை, காகம் இல்லை. பாடும் பறவைகள் வர இன்னும் பத்துக் கோடி ஆண்டுகள் ஆகும். புல்வெளி இல்லை, எனவே புல்லில் காற்று உரசும் சத்தமும் இல்லை. ஆகவே காட்டில் மைக் வைத்துப் பதிவுசெய்த 'இயற்கை ஒலி'யை அடியில் ஓட்டுகிற டைனோசர் படம், சிந்தசைசரைவிடப் பல மடங்கு செயற்கையானது. இன்றைய காடு அன்றைய காட்டுக்கு ஆதாரம் இல்லை.

மனிதனுக்கு அந்த அமைதி தாங்கவில்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1997-இல் நேதன் மிர்வோல்டும் பிலிப் கறியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: டிப்ளோடோகஸ் வகையறாவின் வால் நுனி சாட்டை போல ஒலியின் வேகத்தைத் தாண்டி 'பட்டார்' என்று வெடித்திருக்கும் என்று. பத்திரிகைகள் கொண்டாடின. பின்னே, முதன்முதலில் ஒலித்தடையை உடைத்தது விமானம் இல்லையாம், டைனோசராம்! 2022-இல் இன்னொரு குழு தோலையும் தசையையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. வால் நொடிக்கு 30 மீட்டரைத் தாண்டினாலே அதிசயம், அதாவது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். திருச்சி பைபாஸில் போகிற பஸ் வேகம். வெடி புஸ்வாணமாகிவிட்டது. எனக்கு அந்த முதல் ஆய்வாளர்கள் மேல் சிரிப்பு இல்லை. அந்த விலங்கிடம் நாம் ஏன் எப்போதும் ஒரு வெடியை எதிர்பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். இரண்டைத்தான் பொருட்படுத்துகிறேன்.

முதலாவது: இது சோம்பேறிகளின் இசை. ஒரு கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரொலியைக் கூட்டிவைத்துவிட்டு, அட்டையில் பழைய டைனோசர் ஓவியத்தைப் போட்டால் ஆல்பம். தலைப்பை எடுத்துவிட்டால் இது டைனோசரா, திமிங்கிலமா, தியான மண்டபமா என்று யாருக்காவது தெரியுமா?

தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். இந்த வகையில் வருவதில் பாதிக்கு மேல் குப்பை என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைப்பை நம்பி நிற்பது சின்த் மட்டுமா? பலியாகும் ரஷ்யப் பெண்ணுக்கு எழுதிய இசையை ஸ்டெகோசரஸுக்குப் போட்டபோது யாராவது எழுந்து நின்று 'இது அந்தப் பொண்ணோட பாட்டாச்சே' என்றார்களா? சொற்களில்லாத இசை எதையும் தானாகச் சுட்டாது. தலைப்பு ஒரு திசையைக் கைகாட்டும், மிச்சத்தைக் கேட்பவர் நடக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா அந்த நடையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது: இங்கே பயப்படு, இங்கே அழு, இங்கே கைதட்டு. டைனோ சின்த் எதையும் சொல்வதில்லை. ஏழு நிமிடம் ஒரே கார்டு நீள்கிறது. முதல் இரண்டு நிமிடம் எரிச்சல். மூன்றாவது நிமிடத்தில் போனை எடுக்கிறோம். நாலாவதில் வைத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு காதுக்குள் நடப்பது என்னுடைய வேலை, இசையமைப்பாளரின் வேலை இல்லை. ஒரு சௌரோபாட் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகிற வேகத்தில் என்னைக் காத்திருக்கச் செய்த வேறு எந்த இசையும் எனக்குக் கிடைக்கவில்லை.

மலிவான கருவி என்ற ஏளனத்துக்குப் பின்னால் நம் ஊரில் ஒரு உண்மையான காயம் இருக்கிறது. கீபோர்டு வந்து ஐம்பது வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் காலிசெய்தது என்பது சினிமா இசை பேசுகிற எல்லோரும் சொல்வது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது வயலினைப் போலவே ஒலிக்க முயன்ற கீபோர்டின் மேல் வர வேண்டிய கோபம். வயலினாக நடிக்காத, தான் ஒரு மின்சாரப் பெட்டி என்பதை மறைக்காத சிந்தசைசர் யாருடைய சோற்றில் கைவைத்தது? அதனிடம் எனக்குப் பிடித்ததே அந்த ஒளிவுமறைவின்மைதான். முதல் நொடியிலேயே சொல்லிவிடுகிறது: இது நான் செய்தது, அங்கே இப்படிக் கேட்டிருக்காது. ரிட்ஸ்ட்ராமின் கர்ஜனை ஒருநாளும் அப்படிச் சொல்லாது. 1954-இல் காட்ஸில்லாவுக்குக் குரல் தேடியபோது அகிரா இஃபுகுபே தளர்த்திய டபுள் பேஸ் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்தார். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் யாரும் நிஜ விலங்கின் குரல் என்று நம்புவதில்லை, ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. இந்த இசையின் வேர் அழுகியது என்பது. டைனோ சின்த் தனியாக முளைக்கவில்லை. அது டஞ்சன் சின்த் என்ற பெரிய மரத்தின் கிளை. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டத்திலிருந்து மோர்ட்டிஸ் போன்றவர்கள் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, பனி, கோட்டை, இருட்டு என்று கீபோர்டில் செய்த இசை. அதே வட்டத்தின் பர்ஸும், அதாவது வர்க் விகெர்னெஸ், கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994-இல் தண்டனை பெற்று, சிறைக்குள் சிந்தசைசரில் மட்டும் செய்த 'டாவ்தி பால்ட்ர்ஸ்' 1997-இல் வந்தது. அவருடைய இனவெறி ஊரறிந்தது. இழந்துபோன தூய வடக்கு, கிறிஸ்தவம் கெடுப்பதற்கு முந்தைய ரத்தம், மூதாதையர் கோட்டை. மங்கலான கீபோர்டுக்குள் இந்தக் கனவும் ஒளிந்திருக்கிறது, உண்மை.

ஆனால் அதனால்தான் டைனோசர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே கருவி, அதே மங்கல், அதே ஏக்கம். ஏக்கம் போய்ச் சேரும் இடம் மட்டும் மாறிவிட்டது. கோட்டைக்கு வாரிசு உண்டு. "எங்க தாத்தா கட்டினது, நீ யாரு உள்ள வர?" என்று கேட்க ஆள் உண்டு. 15 கோடி ஆண்டுக்கு முந்தைய பெரணிக் காட்டுக்கு யார் வாரிசு? அங்கே ஒரு மொழி இல்லை, கொடி இல்லை, குலம் இல்லை. நார்வேக்காரனும் இல்லை, நாமும் இல்லை. நம் கண்டம்கூட இன்றைய இடத்தில் இல்லை. பழமைமேல் ஏக்கப்படலாம், ஆனால் அதைக் காட்டி ஒருத்தரையும் வெளியே தள்ள முடியாது. இப்படி ஒரு பழமை வேறு எங்கே கிடைக்கும்?

நார்வேயைத் திட்டிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் போனால் அது அயோக்கியத்தனம். அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஆயிரம் வருடம் பழையது. அதைப் பற்றிப் பாட்டு, படம், மீம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பின்னணியில் முழங்கும் முரசு எல்லாம் நம்மிடம் உண்டு. அதே மாவட்டத்தில் கல்லமேடு என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக்கட்டப் பாறைகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் சில எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் பிற்பகுதியில் அதை விவரித்து பிருஹத்காயோசரஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு, கழுத்து நீண்ட சௌரோபாட் என்றார்கள். ஃபாசில் மரக்கட்டையாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2022-இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியிடப்பட்ட பிறகு அது எலும்புதான் என்ற தரப்பு வலுத்தது. சமீபத்திய ஒரு மதிப்பீடு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை சொல்கிறது. அது சரியென்றால் நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியது நம்ம அரியலூர்க்காரர்.

எலும்புகள் எங்கே? இல்லை. மண்ணிலிருந்து எடுத்த பிறகு பொடிந்து உதிர்ந்து போய்விட்டன. இருப்பது சில வரைபடங்களும் புகைப்படங்களும் ஒரு கட்டுரையும். சோழர் காலத்து ஓட்டாஞ்சல்லி ஒன்று இப்படி உதிர்ந்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? ட்விட்டர் பற்றி எரிந்திருக்கும். இந்த விலங்குக்காக ஒருத்தரும் கோபப்படவில்லை, ஏனென்றால் அது தமிழ் பேசவில்லை. (அந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கல் கிரிட்டேசியஸ் கடலில் படிந்தது. அதை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அறையின் சுவரிலேயே கொஞ்சம் கடல் இருக்கலாம்.)

நல்லவேளை கோபப்படவில்லை என்றும் தோன்றுகிறது. பட்டிருந்தால் அதற்கும் ஒரு முரசு, ஒரு பரம்பரை, 'உலகின் முதல் தமிழ் டைனோசர்' என்று ஒரு தம்ப்நெயில் வந்திருக்கும்.

*

டைனோ சின்த்காரர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. நல்லா போய்க்கொண்டிருக்கும் டிராக்கின் நடுவில் அந்த ஹாலிவுட் கர்ஜனையை சாம்பிள் எடுத்துச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பது நிமிடம் கட்டியதை நாலு நொடியில் இடித்துவிடுகிறார்கள். கடைசி டிராக்கில் கட்டாயம் விண்கல் விழ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இன்னொரு ரகம். 6.6 கோடி ஆண்டுக்கு முன் விழுந்தது உண்மைதான், ஆனால் டிப்ளோடோகஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அது செத்து மண்ணாகி 8 கோடி ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எல்லா டைனோசர் கதையும் அழிவில் முடிந்தே ஆக வேண்டும் என்பது மறுபடியும் நம்முடைய கிளைமாக்ஸ் பசி. தவிர, டிப்ளோடோகஸ் 25 மீட்டர் நீளம் இருந்தாலும் தன் சொந்தங்களுக்குள் ஒல்லியானது. 'கனமாக' என்ற பெயர் அதற்கு நியாயமாகச் சேராது. இதெல்லாம் சில்லறைப் புகார்கள்தான், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சிந்தசைசருக்கும் ஒரு ஞாபகம் ஒட்டியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. விஎச்எஸ் கேசட், பழைய வீடியோ கேம், எண்பதுகளின் விண்வெளிப் படம். இன்று இந்த ஆல்பங்களைக் கேட்கிற இருபது வயதுக்காரர்களில் பலர் ஜுராசிக்கை அல்ல, தாங்கள் பிறப்பதற்கு முந்தைய 1987-ஐத்தான் ஏங்குகிறார்கள். வயலின் மனிதக் குரல் என்றால் இது மனிதக் குழந்தைப்பருவம். ஆனால் இந்தக் கறை கழுவக்கூடியது. ஆசிலேட்டருக்குப் பூர்வஜென்மம் கிடையாது. பழைய ப்ரீசெட்டைத் தொடாமல் வெறும் அலையிலிருந்து ஆரம்பித்தால் அது யாருடைய ஞாபகமும் இல்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது ஒரு சிந்தசைசரோ, இலவச சாஃப்ட்வேரோ, இரண்டு வாரம் லீவோ இருந்தால் ஒரு வேண்டுகோள். கல்லமேடு என்று ஒரு ஆல்பம் வேண்டும். முரசு வேண்டாம், உறுமல் வேண்டாம், யாழ் கண்டிப்பாக வேண்டாம். கவரில் சிங்கமோ புலியோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் டிராக்கில் 30 ஹெர்ட்ஸில் ஒரு அலை வரட்டும், நிறைய நேரம் எடுத்துக்கொள்ளட்டும், மேலே பூச்சி ஒன்று விட்டுவிட்டுப் பாடட்டும். லேப்டாப் ஸ்பீக்கரில் பாதி கேட்காது, பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக்கொள்கிறோம். எலும்பு உதிர்ந்ததற்கு ஒரு டிராக் ஒதுக்குங்கள், அதில் வால்யூமைக் குறைத்துக்கொண்டே போனால் போதும், சோகமாக எதுவும் வாசிக்க வேண்டாம். கடைசியில் வேண்டுமானால் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகளின் சத்தத்தை அப்படியே பதிவுசெய்து போடலாம். அதற்கு மட்டும் மைக் தேவைப்படும்.